கூரைத் தண்ணீர் விழும் கோடு

– நல்லா அமுக்கிப் புடி. பலகை ஆடுது.

– புடிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கறேன். ஆடறது பலகை இல்ல, நீங்க. ஒரு இருமலுக்கு ரம்பம் ஒரு பக்கம் போவுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க.

– பேசாத புடி.

– பேசாத புடிச்சா மட்டும் நேரா அறுத்துருவீங்களாக்கும். வாயத் தொறந்தா கசக்குது, வேப்பந்தூளு. மூக்குல துண்டக் கட்டுங்கன்னு காலையில இருந்து கத்தறேன். டாக்டரு என்னா சொன்னாரு? தூசு ஆவாது, பனி ஆவாது. இந்த மார்கழியில ரெண்டையும் சேத்து இழுத்து வெச்சுக்கறீங்க.

– கோடு தெரியல. தூள ஊது.

– ஊதறேன். நீளம் எவ்ளோ வெக்கறீங்க?

– ஆறடி.

– ஏன், பலகை ஏழடி இருக்குதே. அப்பிடியே வுட்டா என்னா?

– ஆறடி போதும்.

– சரி, அறுங்க. வெடியறதுக்கு முன்ன எந்திரிச்சு கட்டில்ல நாடாவ இறுக்கிக்கிட்டு இருந்தீங்க. அது முடிஞ்சதும் ரம்பத்தத் தூக்கிட்டீங்க. என்னைக்கும் இல்லாத சுறுசுறுப்பு. பொண்ணு வர்றான்னு உங்களுக்கும் உள்ளுக்குள்ள இருக்குது. வெளிய சொல்ல மாட்டீங்க.

– மரத்தத் திருப்பு.

– திருப்பறேன். இந்நேரம் ரயிலு ஏறியிருப்பா. திருப்பூர்ல இருந்து மொரப்பூருக்கு எவ்ளோ நேரங்க?

– பொழுதுக்குள்ள வந்துரும்.

– மருமவன் மொரப்பூரு ஸ்டேசனோட திரும்பிடறாராம். ஊருக்குள்ள வந்தா நமக்குத் தொந்தரவுன்னு அவரே சொல்லிட்டாராம். நவநீதன் ஓசூர்ல லீவு சொல்லிட்டு ஸ்டேசனுக்கு வர்றான். தங்கச்சிய ஆட்டோவுல அவன் கூட்டியாந்துருவான். மருமவன்னா ஏன் மொறைக்கறீங்க? கலைவாணன்னு ஒரு பேரு இருக்குது. அதச் சொல்லட்டுமா?

– மொறைக்கல. கண்ணுல தூளு.

– தூளு. மூணு வருசமா உங்க கண்ணுல தூளுதான். அந்தம்மா, அவ மாமியா, உசுரோட இருந்துருந்தா ஐசு நம்ம கிட்ட வந்துருக்கவே மாட்டா. அவங்க போய்ச் சேந்து வருசமாவுது. அவருக்கு பனியன் கம்பெனியில நைட்டு ஷிப்ட்டு. எட்டு மாச வயிறு. ராத்திரி வலி வந்தா தண்ணி மோந்து குடுக்க ஆளு இல்ல. வளைகாப்புக்குப் பக்கத்து வூட்டுக்காரிங்க வளையல் போட்டாங்களாம். நான் இங்க ராகி புடைச்சுக்கிட்டு இருந்தேன்.

– அந்தப் பலகைய எடு. பெரிசு.

– இதுவா? இது... ஏங்க, இது பரண்ல இருந்ததுங்களா?

– ம்.

– ஐசு பெரிய மனுசியானப்ப கெணத்து மேட்டு வேம்ப அறுத்து, அவ சீர்க் கட்டிலுக்குன்னு ஏத்தி வெச்சது. அதுங்களா?

– அதேதான்.

– வேற மரமே கெடைக்கலயா உங்களுக்கு.

– பரண்ல கெடந்தா கட்டிலாயிருமா?

– ஆவாது. நீங்க சொல்றதும் சரிதான். வுடுங்க. கொழந்தையப் பாக்க நாலு பேரு வந்தா உக்கார ஒரு பெஞ்சு வேணுமில்ல. வூட்டுல இருக்கறது ஒத்தக் கட்டிலு, அதும் நோவுக்காரரு உங்களுக்கு. பிளாஸ்டிக் சேரு ரெண்டும் காலொடஞ்சு கெடக்குது. நானும் ஐசும் கீழ பாயப் போட்டுக்கறோம். கதவோரமா வேண்டாம், காத்து வரும். அரிசி மூட்டைய நவுத்திட்டா அந்த மூலை அவளுக்குக் கதகதன்னு இருக்கும்.

– காலு நாலையும் எடுத்தா.

– இந்தாங்க. என்னாங்க இது, இவ்ளோ நீட்டம்? நிறுத்துங்க பாக்கலாம். அட சாமி. என் தொடைக்கு மேல வருது. இதுல உக்காந்தா காலு தொங்குமே. ஒரு அடி கூட வெச்சு அறுத்துட்டீங்க.

– அளவு சரிதான்.

– என்னா சரி? மளிகைக் கடையில மேல் தட்டுல உக்காத்தி வெச்ச மாதிரி இருக்கும். கைய நீட்டுங்க, ஒரு ஜாணு ரெண்டு ஜாணு... பாத்தீங்களா. வெட்டுங்க ஒரு அடி.

– வேண்டாம்.

– சொன்னா கேளுங்க. தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கறதுல என்னா கொறஞ்சு போவுது.

– யாரு, காளியப்பனா? வாடா. கொண்டாந்தியா?

– கொண்டாந்தேண்ணா. ஒரு கேன் கழிவு ஆயிலு. லாரி ஒர்க்‌ஷாப்புல கேட்டு வாங்குனது. இதப் பூசுனா கரையான் கிட்டக்க வராது, அவ்ளோதான். அஷ்டே. என்னா அண்ணி, நீங்களும் ஆசாரி ஆயிட்டீங்க?

– வா காளியப்பா. சித்தப்பன் மவன், ரெண்டு வூடு தள்ளி இருக்கற. மூணு வருசத்துல இன்னைக்குத்தான் எங்க வாசலுக்கு வழி தெரிஞ்சுதா?

– லாரிக்காரனுக்கு ஏது வூடு வாசல் அண்ணி. பெங்களூரு லோடு, வந்தா படுக்க, எந்திரிச்சா லோடு. அஷ்டே.

– அஷ்டே அஷ்டேன்னு கன்னடத்துல பேசுனா பொய்யும் மெய்யாயிருமாக்கும்.

– அண்ணி வாயி அப்பிடியே இருக்குது. ஏண்ணா, ஆயில எது வரைக்கும் பூசணும்?

– காலுல கோடு போட்ருக்கேன் பாரு. அடியில இருந்து ஒரு அடி.

– ஓ. மண்ணுக்குள்ள எறங்கற அளவு.

– மண்ணுக்குள்ளயா? எதுக்கு மண்ணுக்குள்ள?

– நடறதுக்கு.

– பெஞ்ச எவனாச்சும் நடுவானுங்களா? அது என்னா நாத்தா?

– நட்டா ஆடாது.

– ஆடாதுதான். அப்பறம் வேணுங்கறப்ப உள்ள எடுத்துப் போடறது எப்பிடி?

– போட முடியாது.

– அதுக்குத்தான் அண்ணி நடறதே. எங்கண்ணா நடறீங்க?

– அந்தக் குழி வரிசை தெரியுதா? மழையில ஓட்டுத் தண்ணி சொட்டுன குழி. அதுக்கு அந்தப் பக்கம்.

– இன்னும் ஒரு ஜாணு தள்ளுங்க. தண்ணி விழற கோடுதான் கூரைக்கு எல்லை. நாளைக்கு எவனும் ஒரு பேச்சு பேசக் கூடாது பாருங்க.

– எல்லையா? என்னா எல்லை காளியப்பா? எவன் என்னா பேசப் போறான்?

– மறந்துட்டீங்களா அண்ணி? அன்னைக்கு முனியப்பன் கோயில்ல தட்டு புடிச்சவன் நானு. என் கையில எரிஞ்ச கற்பூரம். அண்ணன் அது மேல அடிச்சுச் சொன்னாரு. "அவளும் நானும் இனி ஒரே கூரைக்குக் கீழ இருந்தா, எம்மவன் நவநீதன் தலை நிக்காது." பங்காளிங்க அத்தன பேரும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னோம்.

– நின்னீங்க. ஒருத்தன் கூட நடுவுல பூந்து, பெத்த புள்ள தலையில ஏண்டா அடிக்கறன்னு கேக்கல. பங்காளிங்களாம்.

– நடுவுல நிறுத்துனா சாமி குத்தம்.

– தட்டத் தூக்கிக்கிட்டு முன்னால ஓடுனவன் நீ. அது குத்தம் இல்ல.

– அண்ணி, நான் கெட்டதுக்குச் சொல்லல. அண்ணன் நெஞ்சுச் சளியோட தருமபுரி ஆஸ்பத்திரியில கெடந்தாரே, ஞாபகம் இருக்குதா? ஐசு வந்து பாத்துச்சு. கட்டில் பக்கத்துல செத்த நேரம் நின்னுச்சு, அஷ்டே. அந்த வாரமே நவநீதன் தொப்பூருகிட்ட வண்டியோட வுழுந்தான். ஆஸ்பத்திரிக் கூரையும் கூரைதான்.

– சொல்லாத.

– இன்னும் அவன் காலுல தகடு இருக்குது.

– சொல்லாதன்னு சொல்றேன். அவன் காலப் புடிச்சு வுட்டவ நானு. எனக்குத் தெரியாதா?

– அதத்தான் சொல்றேன். அண்ணன் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கறாரு. வெளிய ஒரு பெஞ்சு. பெத்த கடனும் தீந்துச்சு, சத்தியமும் நின்னுச்சு. மேல ஒரு தார்ப்பாயி மட்டும் கட்டுங்கண்ணா.

– கட்டலாமா?

– தார்ப்பாயி வேற கூரை. ஒரே கூரை ஆவாது. ஓட்டோட ஒட்டாத, தனியா நாலு குச்சி நட்டுக் கட்டுங்க. அஷ்டே.

– இருங்க ரெண்டு பேரும். வெளிய யாரு படுக்கறா?

– என்னா அண்ணி இப்பிடிக் கேக்கறீங்க. ஐசுதான்.

– ஏங்க. இவன் என்னா சொல்றான்?

– ஆயில நல்லா தேயி காளியப்பா. அடியில வுட்டுட்ட பாரு.

– தேய்க்கறேண்ணா. அண்ணி, மனசு வுடாதீங்க. காலனிப் பையன் கூடப் போனவளுக்கு இந்த மட்டும் செய்யறதே பெருசு. எங்க வூடா இருந்தா...

– காளியப்பா, கேன வெச்சுட்டு எந்திரி.

– அண்ணி...

– எந்திரின்னேன். கைய வெளியில போயித் தொடச்சுக்க. என் வாசல்ல தொடைக்காத.

– வர்றேண்ணா. தார்ப்பாயி என் வண்டியில ஒண்ணு இருக்குது. வேணும்னா ஆள அனுப்புங்க.

– சரி, போ.

– போயிட்டான். இப்ப சொல்லுங்க.

– ஆணி எடு. பெரிசு.

– அவன் சொன்னது மெய்யா?

– ஆணிய சோப்புல குத்திக் குடு. இல்லாட்டி பலகை பொளக்கும்.

– பொளக்கட்டும். வரச் சொல்லுன்னு சொன்னீங்களே. சோத்துல கைய வெச்சுக்கிட்டு, தலையக் கூடத் தூக்கல. வரச் சொல்லு. அவ்ளோதான் சொன்னீங்க. சத்தியம் என்னாச்சுன்னு நான் கேக்கல. கேட்டா மாறிருவீங்களோன்னு பயந்துக்கிட்டு வாய மூடிக்கிட்டேன். பூசாரியப் பாத்து எதாச்சும் பண்ணிக் கழிச்சுருப்பீங்கன்னு நானே நெனச்சுக்கிட்டேன். இதுதானா அந்த வரச் சொல்லு?

– இந்தப் பக்கம் ஒரு கை புடி.

– நெறமாசக்காரிய மார்கழிப் பனியில வெளிய போடறதா? நம்ம மாட்டுக்குக் கூட முதுகுல சாக்குப் போத்தறோம். ரோட்டுல போற வர்றவன் எல்லாம் பாத்துக்கிட்டே போவானே. நடுச்சாமத்துல ஒண்ணுக்கு வந்தா எந்திரிச்சு எங்க போவா? நாய்ங்க கெடக்குது, பாம்பு கெடக்குது. இதுக்கு அவ திருப்பூர்லயே தனியாக் கெடக்கலாமே.

– புடின்னு சொன்னேன்.

– புடிக்கறேன். அடிங்க. என் கையிலயும் சேத்து அடிங்க.

– நவுத்து. கையி கிட்டக்க இருக்குது.

– பூசாரிகிட்டயாச்சும் போயிருக்கலாமில்ல. கெடா வெட்டறோம், மொட்ட போடறோம், தெரியாத சொல்லிட்டேன், வாக்கத் திருப்பி எடுத்துக்க சாமின்னு.

– போனேன்.

– எப்ப?

– போன அமாவாசைக்கு. தக்காளிக்கு மருந்து வாங்கப் போறேன்னு சொன்னேனே. அன்னைக்கு.

– என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

– பூ வெச்சுக் கேட்டேன். பூசாரி ரெண்டு பொட்டலம் கட்டி சாமி முன்னால போட்டு ஒண்ண எடுத்தாரு. வெள்ளப் பூ வந்தா சாமி வாக்க வுட்டுருதுன்னு அர்த்தம்.

– வந்துச்சா?

– செவப்பு.

– இன்னொரு வாட்டி போடச் சொல்றது.

– போட்டாரு. அதும் செவப்பு.

– அப்ப அந்தச் சாமியும் உங்க பங்காளிதான்.

– இருமலு வருது. தண்ணி குடு.

– இந்தாங்க. மெதுவா. மெதுவாக் குடிங்க. நெஞ்சு கெடந்து எரைக்குது. உள்ள போயி செத்த படுங்க.

– வேலை கெடக்குது.

– நவநீதன் என்னா சொன்னான் தெரியுமா? "அப்பன் சத்தியம் என் தலையிலதானம்மா, நான் பாத்துக்கறேன், நீ தங்கச்சிய உள்ள வுடு"ங்கறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான். அவன் நொண்டி நடந்தது எனக்குத்தான தெரியும். ஒண்ண உள்ள வுட்டா இன்னொண்ணு போயிருமோன்னு எந்தப் பெத்தவளுக்காச்சும் பயம் வருமா? எனக்கு வந்துருச்சு. உங்க வாயால வந்துருச்சு.

– தெரியும்.

– தெரியுமாம்.

– அதுக்குத்தான் பெஞ்சே போடறேன். கடப்பாரைய எடு.

– எடுக்க மாட்டேன். போன் எங்க வெச்சேன்? அலோ. அலோ, நவநீதா. எங்கடா இருக்கற? ரயிலு வந்துருச்சா? பக்கத்துல இருக்காளா? நல்லா இருக்காளா? மொகமெல்லாம் ஊதியிருக்குதா? சரி, சரி. அவகிட்டக் குடுக்காத. நீ மட்டும் கேளு. அவரு, மாப்ள, இன்னும் அங்கதான இருக்காரு? அவரு கூடவே அவளத் திரும்ப ரயிலு ஏத்தி வுட்டுரு. ஏன்னு கேக்காத. நான் நாளைக்குக் காலையில கெளம்பி அங்கயே வந்துடறேன். ரெண்டு மாசமோ மூணு மாசமோ, அங்கயே கெடக்கறேன். சொன்னாக் கேளுடா, உங்கப்பன் இங்க அவளுக்கு...

– போனக் குடு.

– தர மாட்டேன்.

– நீ திருப்பூரு போயிட்டா மாட்டுக்கு யாரு, எனக்கு யாரு?

– மாடாவது கத்தும். நீங்க அதுவும் பண்ண மாட்டீங்க. வுடுங்க கைய.

– முனியம்மா. குடு... நவநீதா, நாந்தான். உங்கம்மா பேச்சக் கேக்காத. கூட்டிக்கிட்டு வா. ஆட்டோவ மெதுவா ஓட்டச் சொல்லு. ஏரிக்கரை ரோடு முழுக்கக் குழி. அவளுக்கு எதாச்சும் வாங்கிக் குடுத்தியா? வாங்கிக் குடு. அவரு... அந்தப் பையன் எதாச்சும் சாப்புட்டானான்னு கேளு. வெச்சுடறேன்.

– இவ்ளோ கரிசனம் எங்க இருந்து வருது? மூணு வருசமா அவ பேரு உங்க வாயில வந்ததில்ல. வாசல்ல கட்டிப் போடறதுக்குக் கூட்டியாரச் சொல்றீங்க. குழி பாத்து வேற கூட்டியாரணுமாம்.

– பொழுது போவுது. கடப்பாரை.

– இந்தாங்க. தோண்டுங்க. நல்லா ஆழமாத் தோண்டுங்க.

– தள்ளி நில்லு.

– கெழக்குப் பாத்தா வெக்கறீங்க? பனி அந்தப் பக்கந்தான் வரும்.

– கதவுக்கு நேரா வெக்கறேன்.

– எதுக்கு?

– உள்ள எரியற லைட்டு தெரியும்.

– தெரியும். அம்மா உள்ள படுத்துருக்கான்னு அவ பாத்துக்கிட்டே கெடக்கட்டும். நல்ல மனசுங்க உங்களுக்கு.

– அந்தக் காலத் தூக்கு. எறக்கு. இப்ப மண்ணத் தள்ளு.

– தள்ளறேன்.

– மிதி.

– மிதிக்கறேன். எம்மவளுக்கு நானே மிதிச்சுக் குடுக்கறேன். வெதை போட்ட எடத்தக் கூட இப்பிடி மிதிச்சதில்ல.

– அழுவாத. நல்லா மிதி.

– அழுவல. தூளு.

– ஆடுதா பாரு.

– ஆடல. அசைய மாட்டங்குது. உங்கள மாதிரியே இருக்குது.

– சும்மா தொட்டா தெரியாது. பாரம் வெச்சுப் பாக்கணும். ஏறிப் படு.

– நானா?

– ம்.

– படுக்கறேன். ஏன் படுக்க மாட்டேன். எம்மவ படுக்கப் போற எடம்... சில்லுனு இருக்குது. மேல ஓட்டு விளிம்பு தெரியுது. கை நீட்டுனா எட்டற மாதிரி இருக்குது, எட்டல.

– ஆடுதா?

– இல்ல. முதுகுக்கு நல்லா மட்டமாத்தான் இருக்குது. அறுக்கத் தெரியாதவரு நல்லாத்தான் அறுத்துருக்கறீங்க. ஏங்க.

– என்னா?

– என் பாதத்துக்குக் கீழ இன்னும் ஒரு ஜாணு சும்மா கெடக்குது.

– இருக்கட்டும்.

– ஐசு என் காது மட்டந்தான். ஏழடிப் பலகைய வேல மெனக்கெட்டு ஆறடிக்கு அறுத்தீங்க. அவளுக்கு அஞ்சடி கூட வேண்டாமே. யாரு அளவு இது?

– ஆட்டோ சத்தம் கேக்குது.

– கேக்கட்டும். யாரு அளவுன்னு கேக்கறேன்.

– எந்திரி, முனியம்மா. அது என் படுக்க. கட்டில்ல நாடா இறுக்கி வெச்சுட்டேன், ஐசுவ அதுல படுக்க வெய்யி.